மேல் இறக்கையைப் பிடிக்க ஓர் ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, விமானத்தின் உடம்பையும் இறக்கைகளையும் காரில் ஏற்றி முடித்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, கணவர் செருப்புகூட மாட்டாமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, நேரமாகுது. ஏறுங்க."

"நான் வரல."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இனிமே வரல, அவ்வளவுதான்."

கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். பதினோரு வருஷத்தில் அவர் இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன், என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்தப் பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். பதிலும் அந்த வாடையோடுதான் வந்தது.

"வருஷத்துக்கு நாப்பது ஞாயிறுன்னு வெச்சுக்க. பதினோரு வருஷம். தடவைக்கு அம்பது நிமிஷம். நேத்து உக்காந்து கூட்டிப் பாத்தேன். ராவும் பகலுமா சேர்த்துப் பதினஞ்சு நாள் நான் கைய மேல தூக்கிக்கிட்டு நின்னுருக்கேன். ஒரு நாள்கூட எனக்குப் பிடிச்சு நின்னதில்ல."

"பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே?"

"இப்போ சொல்றேன்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கதவை அறைந்து சாத்தவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மாலைக்குள் சரியாகிவிடும் என்று அவள் கிளம்பியிருப்பாள். நிதானமாகச் சொன்னதுதான் உறைத்தது.

அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுடைய விமானத்தின் மேல் இறக்கையை. அது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் உள்ள பழைய காலத்து அமைப்பு. மேல் இறக்கை மட்டும் இரண்டு மீட்டருக்கு மேலே நீளம். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில், பக்கத்துக்கு நான்காக, எட்டுத் தாங்குகால்கள். ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே ஒரு ஸ்க்ரூ. முழுசாகச் சேர்த்தால் எந்தக் காரிலும் நுழையாது. ஆகவே மைதானத்துக்குப் போய்த்தான் மாட்ட வேண்டும், பறந்து முடித்தபின் கழற்ற வேண்டும். எட்டுக் கால்களும் மாட்டி முடியும்வரை மேல் இறக்கை தானாக நிற்காது. ஒருவர் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கீழே குனிந்து, அரிசி பருமன்கூட இல்லாத பதினாறு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ புல்லில் விழுந்தால் போச்சு. குச்சியில் காந்தம் கட்டித் துழாவ வேண்டும். துழாவுவதும் கணவர் வேலைதான்.

அன்றைக்கு அவள் தனியாகப் போனாள். மைதானத்தில் எப்போதும் வரும் பல் டாக்டர் தன்னுடைய விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. மடக்கு நாற்காலி ஒன்று, கார் டிக்கியில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்று, இரண்டையும் முட்டுக்கொடுத்து மேல் இறக்கையை நிறுத்திப் பார்த்தாள். ஐந்தாவது ஸ்க்ரூவில் நாற்காலி மடங்கிக்கொண்டது. இறக்கை சரிந்து நுனி பிளந்தது. எல்லாவற்றையும் திரும்பக் காரில் ஏற்றினாள்.

வீட்டில் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "பறந்துச்சா?"

"இல்ல. காத்து அதிகம்."

வெளியில் ஒரு இலைகூட அசையவில்லை. அவரும் அதைக் கவனித்திருப்பார்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் செயற்கைக் கால்களும் காலிபர்களும் செய்கிற கூடத்தில் வேலை. அப்பா பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூட உதவியாளர். உடைந்த தராசு, ஆடுகிற ஸ்டாண்டு என்று எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து பழுதுபார்த்துக்கொண்டே இருப்பவர். அரமும் ரம்பமும் அவளுக்குப் பொம்மைகளோடு பொம்மையாகக் கைக்கு வந்தவை. இருபத்தொரு வயதில், யாரோ பிரசவ விடுப்பில் போன இடத்துக்கு ஆறு மாத வேலை என்று சேர்ந்தாள். விடுப்பில் போனவர் வரவே இல்லை. அந்த ஆறு மாதம் இருபத்தெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடத்தில் எந்நேரமும் மாவுக்கட்டுத் தூசி பறக்கும். ஒரு மூலையில் பிளாஸ்டிக் தகடுகளை இளக்குகிற அடுப்பு. சுவரோடு நீளமான கண்ணாடி. அதற்கு எதிரே, புதுக்கால் போட்டவர்கள் பிடித்து நடந்து பழக இரண்டு கம்பிகள். நோயாளிகள் அவளைக் 'கால் மேடம்' என்பார்கள். முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது. வாசலில் இருக்கும் காவலாளிகூட, "முக்கா மேடம் விடுப்பு, கால் மேடம் இருக்காங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் கடிப்பார். அவள் அதிகம் பேச மாட்டாள். நடங்க, திரும்புங்க, எங்க உறுத்துது என்ற மூன்று சொல்லில் ஒரு நாளை ஓட்டிவிடுவாள்.

விமானம் வந்ததும் இந்த வேலை வழியாகத்தான். அவளுக்கு முப்பத்தாறு வயதிருக்கும்போது, தொடைக்குமேல் கால் போன ஒரு லாரி மெக்கானிக், செயற்கைக் கால் மைதானத்தில் மடங்கி மடங்கிக் கவிழ்த்துவிடுகிறது என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரித் தரையில் அந்தக் கால் கனகச்சிதமாக நடந்தது. என்னதான் மைதானம் அது, பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். புல் தரை, மேடு பள்ளம், அவர் ரிமோட்டில் விமானத்தை ஓட்டிக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடியே பின்னால் நடப்பார். அண்ணாந்தபடி பின்னால் நடக்கிறவர்களுக்கு என்று எந்த முழங்காலும் செய்வதில்லை. அவள் முழங்காலின் பிடியைச் சற்று இறுக்கிக்கொடுத்தாள். அதைப் போட்டு நடந்து பார்த்த ஐந்து நிமிஷம் ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, "நேரா மட்டும் பிடிங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். ஒன்றும் ஆகவில்லை. அவர் அடுத்த வருஷமே வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவள் மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. இரண்டு வருஷம் சின்ன விமானங்களில் கை பழகியபின் இரட்டை இறக்கையைக் கட்டினாள்.

வெளியூரில் படிக்கிற மகள் அந்த வாரம் போனில் பேசும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்பா ஸ்ட்ரைக்கா? பேச்சுவார்த்தை நடத்தும்மா."

"ஒரு பேச்சும் வேண்டாம். அவர் சொன்னது நியாயம்தான்."

"அப்போ விமானம்?"

"பாக்கலாம்."

பார்த்தது புதன்கிழமை. அன்று கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் காலிபரைச் சரிபார்க்க வந்திருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர், இருபது வருஷமாக அவளிடம்தான் காலிபர் செய்துகொள்கிறார். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முழங்காலுக்கு நேராக ஒரு மூட்டு. எழுந்து நின்றால், மேலே இருக்கும் சின்ன வளையம் தன் எடையாலேயே சரிந்து இறங்கி மூட்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு கால் மடங்காது. உட்கார வேண்டுமென்றால் விரலால் வளையத்தை மேலே தூக்க வேண்டும். ஸ்க்ரூ இல்லை, ஸ்பேனர் இல்லை, கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். அவர் எழுந்தார், டொக். வளையத்தைத் தூக்கினார், உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தை அவள் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்கிறாள். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"இன்னொரு தடவ எந்திரிங்க."

எழுந்தார்.

"உக்காருங்க. மறுபடி எந்திரிங்க."

ஏழாவது தடவை அவருக்கே பயம் வந்துவிட்டது. "என்னம்மா, கால்ல ஏதாவது கோளாறா? பயப்படாம சொல்லுங்க."

"உங்க காலுக்கு ஒரு குறையும் இல்ல. நான் வேற ஒரு காலப் பத்தி யோசிக்கிறேன்."

அவளுடைய யோசனை இதுதான். இதுவரை தாங்குகால்கள் தனித்தனிக் குச்சிகளாக ஒரு பையில் வந்தன. இனி அவற்றைக் கீழ் இறக்கையோடு மூட்டுப் போட்டு நிரந்தரமாகப் பொருத்திவிட வேண்டும். காரில் போகும்போது இறக்கைமேல் படுத்துக் கிடக்கும். மைதானத்தில் நிமிர்த்தினால் வளையம் இறங்கி மூட்டைப் பூட்டும். எட்டுக் கால்களும் தாமாக நின்றுகொண்டால், மேல் இறக்கையைக் கொண்டுவந்து அவற்றின்மேல் உட்கார வைத்துவிடலாம். மேல்முனைக்கும் கூடத்திலேயே ஒரு வழி இருந்தது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஊன்றுகோலில், குழாயின் துளை வழியாக ஒரு பொத்தான் எட்டிப் பார்க்குமே, அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் துள்ளி வெளியே வரும். அந்தப் பொத்தான்தான். காலின் முனை மேல் இறக்கையில் உள்ள பொந்துக்குள் நுழைந்ததும் பொத்தான் துள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

சொல்வது சுலபம். காலிபரின் வளையம் இரும்பு. அதைப் போட்டால் விமானம் பறக்காது, நடக்கத்தான் செய்யும். அலுமினியத்தில் செய்தாள். முதல் வளையம் இறுக்கமாகி மூட்டின்மேல் இறங்கவே மாட்டேன் என்றது, இரண்டாவது லொடலொடத்தது. மூட்டுகளை வைத்த இடம் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தப்பியதில், நான்கு கால்களும் நான்கு திசையைப் பார்த்து நின்றன. கழற்றித் திரும்பப் போட்டாள். பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் தினமும் வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் அரம் போட்டாள். வளையத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தேய்ப்பாள். கணவர் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். அரத்தின் சத்தம் பொறுக்காமல் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். இருவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. சாப்பாடு, துணி, கரண்டு பில் என்று தேவைக்கு வேண்டிய பேச்செல்லாம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எட்டு மணிவரை தூங்கினார். எழுந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வரி விளம்பரம் உட்படப் படித்தார். அவள் ஒருநாள் கேட்டாள். "வீட்ல என்னதான் பண்றீங்க?"

"சும்மா இருக்கேன். நல்லாத்தான் இருக்கு."

ஆறாவது வாரம் புதுக் கால்களோடு மைதானத்துக்குப் போனாள். கீழ் இறக்கைகளைச் செருகினாள். கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். எட்டு டொக். மேல் இறக்கையை இரண்டு கையாலும் நடுவில் பிடித்துத் தூக்கி வைத்து, முனைகளைத் தட்டினாள். எட்டு டிக். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம்.

பல் டாக்டர் தன்னுடைய இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவருடையதும் இரட்டை இறக்கைதான். தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? வீட்லேர்ந்தே மாட்டிக்கிட்டு வந்தீங்களா என்ன?"

"ஆமா, கூரைல கட்டிக்கிட்டு வந்தேன்."

அவர் எழுந்து வந்து வளையத்தைத் தூக்கிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், பொத்தானை அமுக்கிப் பார்த்தார். குழந்தைபோல ஒரு பத்து நிமிஷம் அதையே செய்தார். "எனக்கும் ஒரு செட்டு செஞ்சு குடுங்க மேடம். அடுத்த தடவ உங்க பல்லுல எங்க ஓட்டையிருந்தாலும் நான் பொறுப்பு" என்றார். அவள் செய்து கொடுத்தாள். விஷயம் பரவி, இன்னும் இரண்டு பேர் சொல்லி வைத்தார்கள். மாதக் கடைசியில் பக்கத்து ஊர் மைதானத்தில் எல்லாரும் கூடிப் பறக்கவிடும் நாள் வரவிருந்தது. அதற்குள் வேண்டும் என்றார்கள்.

மூன்று ஞாயிறு விமானம் ஒழுங்காகப் பறந்தது. மேலே ஏற்றித் தலைகீழாக வளைத்து முழு வட்டம் போட்டாள், ஒன்றும் ஆகவில்லை. வட்டத்தில் விமானம் தலைகீழாக இருக்கும் நொடியிலும், சுற்றுகிற வேகம் வளையத்தை மூட்டின்பக்கமே அழுத்திக்கொண்டிருக்கும். வாளித் தண்ணீரைச் சுழற்றினால் கொட்டாதே, அதுபோல. அது அவளுக்குத் தெரியும், அதை நம்பித்தான் விட்டிருந்தாள். ஆனால் திறந்து மூடித் திறந்து மூடி வளையங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

நான்காவது ஞாயிறு, காற்றே இல்லாத காலை. பல் டாக்டர் தன்னுடைய விமானத்தை மாட்டி முடித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவள் விமானத்தை உருட்டி மல்லாத்தினாள். வட்டம் இல்லை, சுழற்சி இல்லை, வயிறு வானத்தைப் பார்க்க நேராக ஓட்டம். நான்கு எண்ணுவதற்குள் இடது இறக்கை நடுங்கியது. ஐந்தாவது எண்ணும்போது மேல் இறக்கை கத்திரிபோலச் சாய்ந்து கீழ் இறக்கையோடு போய்ப் படிந்தது. பிறகு அவள் ரிமோட்டில் செய்தது எதற்கும் பலனில்லை. மைதானத்தைத் தாண்டிக் கட்டாந்தரையில் போய் விழுந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது.

இருவரும் நடந்தார்கள். நானூறு அடி இருக்கும்.

"பேட்டரி போச்சா? ரிமோட் சிக்னலா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டர்.

விமானத்தின் முன்பாகம் மண்ணுக்குள் இருந்தது. வலப்பக்க நான்கு கால்களும் பூட்டியபடியே முறிந்து கிடந்தன. இடப்பக்கத்தில் மூன்று வளையங்கள் மூட்டை விட்டு நழுவி, காலின் மறுகோடிக்குப் போயிருந்தன. அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தவழ்ந்தும் புரண்டும் விளையாடுகிற குழந்தைகளுக்குக் காலிபர் செய்யும்போது, வளையம் எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன எஃகுக் குண்டும் ஸ்ப்ரிங்கும் வைப்பார்கள். அவளே நூறு செய்திருக்கிறாள். விமானத்துக்கு அது வேண்டாம், வீண் எடை என்று விட்டது அவள்தான்.

வானத்தில் நடந்ததை அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் சரியாகப் பார்த்திருக்க முடியாது. பேட்டரி என்று டாக்டரே எடுத்துக் கொடுத்திருந்தார். ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. தலையாட்டலாமா என்று அவள் யோசித்ததும் உண்மை. அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"பேட்டரி இல்ல டாக்டர். என் பூட்டுதான் கழண்டுருக்கு. உங்க விமானத்த இன்னிக்கு எடுக்காதீங்க."

"நான் மல்லாக்கல்லாம் ஓட்டறதே இல்லையே. சும்மா ரெண்டு ரவுண்டு..."

"எடுக்காதீங்க. நான் கழட்டிடறேன்."

திரும்பி வந்து, அவருடைய விமானத்தின் எட்டு வளையங்களையும் அவளே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சொல்லி வைத்திருந்த இரண்டு பேருக்கும் அங்கிருந்தே போன் செய்து, இப்போதைக்குக் கிடையாது என்றாள். ஒருவர் கூடும் நாளுக்கு என்ன செய்வது என்று சலித்துக்கொண்டார். பழைய ஸ்க்ரூவைப் போடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது கணவர் வெளியே வந்தார். பின் சீட்டில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். கதவைத் திறந்து துண்டுகளை இரண்டு நடையாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் வந்து பிடிச்சிருந்தா விழுந்திருக்காதுல்ல?"

அவள் யோசித்துச் சொன்னாள். "நீங்க வந்திருந்தா ஸ்க்ரூ போட்டிருப்பேன். விழுந்திருக்காது."

"ம்."

சரி, இனிமேல் வருகிறேன் என்று அவர் சொல்லுவாரோ என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. சொல்லாததில் அவளுக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"திரும்பக் கட்ட எத்தன நாளாகும்?" என்று கேட்டார்.

"மூணு மாசம்."

மறுவாரம் கடிகாரக்காரரின் கடைக்குப் போனாள். இரண்டு மில்லிமீட்டர் எஃகுக் குண்டு பதினாறு வேண்டும் என்றாள். அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தார்.

"எந்தப் பேஷண்டுக்கும்மா இவ்ளோ சின்னதா?"

"பறக்கிற பேஷண்டு. மல்லாந்து படுத்தா கால் கழண்டுக்குது."

"கொடுத்துவெச்ச பேஷண்டு" என்றார் அவர். இழுப்பறையில் தேடி ஒரு தீப்பெட்டி நிறையவே கொடுத்தார். ஸ்ப்ரிங்குக்கு எழுதித் தீர்ந்த பேனாக்கள் போதும், அது ஆஸ்பத்திரி முழுவதும் கிடைத்தது.

அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், அவள் இறக்கைக்குக் கட்டை சீவிக்கொண்டிருந்தபோது கணவர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் வந்தார். கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எதையும் பிடிக்கச் சொல்லாத. முன்னாடியே சொல்லிட்டேன்."

"சொல்லல."

பிறகு டிப்போவில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு டிரைவர் பஸ்ஸையே தவறாக எடுத்துக்கொண்டு, வேறு வழித்தடத்தில் பாதித் தூரம் போய்விட்டாராம். பயணிகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம், எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவள் சீவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மைதானத்தில் இறக்கையைப் பிடித்து நிற்கும்போது அவர் இந்தக் கதைகளைத்தான் சொல்லுவார். ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே அவள் கேட்பாள். வீட்டில் இருவரும் அவ்வளவு பேசியதில்லை. அவர் வராமல் நின்றதில் அதுவும் நின்றுபோனதை அவள் இத்தனை நாளாக யோசிக்கவே இல்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றாள்.

"எனக்கும் சொல்ல ஆளில்லாம ஒரு மாதிரிதான் இருந்துச்சு. கைவலிதான் பிடிக்கலயே தவிர..." என்று நிறுத்திக்கொண்டார்.

பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்டூல் வந்தது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒரு பசைப்புட்டியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

புதிய வளையங்களைத் தயார் செய்ததும் அவள் விமானத்தைப் பறக்கவிட அவசரப்படவில்லை. கால்களைப் பூட்டி, இறக்கை ஜோடியைத் தலைகீழாகப் பிடித்து இருநூறு தடவை உதறினாள். எண்ணிக்கை கணவருடையது. நூற்றுப்பத்தாவது உதறலில் ஒரு வளையம் இளகியது. அதன் குண்டு சரியாக உட்காரவில்லை. அதை மாற்றிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். "பஸ்ஸுக்கு இவ்ளோ பாத்தா ஒரு வண்டியும் டிப்போவ விட்டு வெளில போகாது" என்றார் அவர். ஆனாலும் இருநூறுவரை எண்ணினார்.

கூடும் நாள் எப்போதோ முடிந்துபோயிருந்தது. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக மைதானத்துக்குப் போய், விமானத்தை மாட்டினாள். பதினொரு நிமிஷம் ஆனது. குண்டு வைத்த வளையத்தைக் கையால் அழுத்தி இறக்க வேண்டியிருந்ததால் இரண்டு நிமிஷம் கூடுதல். மேலே ஏற்றி மல்லாத்தினாள். விமானம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வயிற்றைக் காட்டிக்கொண்டு போயிற்று. திருப்பிக்கொண்டுவந்து இன்னொரு தடவை ஓட்டினாள். இறக்கியபின் எட்டு வளையங்களையும் விரலால் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை.

டாக்டருக்கும், சொல்லி வைத்திருந்த இருவருக்கும் அதன் பிறகுதான் கொடுத்தாள். டாக்டருடைய செட்டை மட்டும் அவர் கண்முன்னாலேயே தலைகீழாக உதறிக் காட்டினாள். அவர் போதும் மேடம், நம்பறேன் என்றார். போதாது என்று சொல்லி முழுக்க இருநூறும் உதறினாள். கடைசியாகக் கேட்டபோது, அந்த மைதானத்திலும் பக்கத்து ஊரிலும் சேர்த்து ஒன்பது விமானங்களில் அவள் செய்த பூட்டு இருந்தது. அதை அவர்கள் 'மேடம் பூட்டு' என்றார்கள். பூட்டோடு கூடவே, எங்கே தேயும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அவள் கைப்பட எழுதிய ஒரு தாளும் போகும்.

கணவர் மைதானத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த மகள், தான் பார்க்க வேண்டும் என்று அவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மனைவி தனியாகக் கால்களை நிமிர்த்துவதையும் மேல் இறக்கையைத் தூக்கி வைப்பதையும் பார்த்தார். பழக்க தோஷத்தில் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

"அம்மாவ விட்டுட்டு வீட்ல படுத்துக் கிடந்தீங்களே, இப்போ பாத்தீங்களா?" என்றாள் மகள்.

"நான் படுத்ததாலதான் அது எந்திரிச்சு நிக்குது" என்றார் அவர்.

மனைவி அதைக் கேட்டும் கேட்காததுபோல ரிமோட்டைக் கையில் எடுத்து, மகளைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.